முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

அறிவியல் பரிசோதனை என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவைகளும் பூட்டிய அலமாரிகளும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால், பரிசோதனைக்குக் கட்டாயம் தேவைப்படுபவை மூன்றே மூன்றுதாம்: ஒரு கேள்வி, அதற்கேற்ற எளிய ஏற்பாடு, கிடைத்த விடையை மாற்றாமல் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு. கோலிக்குண்டும் கயிறும் உள்ள எந்த வீட்டிலும் இவை கிடைக்கும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் தம்பியோடு கழித்த சில வாரங்கள் இதை எனக்கு நன்றாக உணர்த்தின.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான், அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் விடுமுறைக்காகச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தேன். தம்பி அப்போது படிவம் 4 மாணவன். அறிவியல் பிரிவில் சேர்ந்து மூன்று மாதங்கள்கூட முழுமையாக ஆகவில்லை. பள்ளி மூடப்பட்டதும் அவனுடைய இயற்பியல் பாடம் கைப்பேசித் திரைக்குள் சுருங்கியது. காணொலியில் யாரோ ஒருவர் பந்தைப் போடுவார், யாரோ ஒருவர் அளப்பார், விடை 9.8 என்று வரும். இவன் அதைப் பார்த்து எழுதிக்கொள்வான்.

ஒரு நாள் மாலை அவன் என்னிடம் வந்து, “அக்கா, பள்ளி திறந்ததும் நான் கலைப் பிரிவுக்கு மாறிவிடுகிறேன். சரியான விடை யாருக்கு வருகிறதோ அவர்களுக்குத்தான் அறிவியல். எனக்கு வராது,” என்றான்.

“மாறுவது உன் விருப்பம். ஆனால், அதற்கு முன்னால் நீயே ஒரு பந்தைப் போட்டுப் பார்த்துவிடு,” என்றேன்.

முதல் பரிசோதனை மிக எளியது. சுவரில் 2 மீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். தம்பி நாற்காலியில் ஏறி நின்று ஒரு கையால் கோலிக்குண்டைக் கீழே விட்டான். மறு கையால் கைப்பேசியின் நேரக்கணிப்பானை அழுத்தினான். நான்கு முறை செய்தான். 0.48, 0.71, 0.59, 0.80 விநாடி என்று நான்கு முறையும் நான்கு விதமாக வந்தது. அவற்றைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், ஒன்று 17.4 என்றது, மற்றொன்று 6.3 என்றது.

“பார்த்தீர்களா, அக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவன் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டான்.

“குண்டு ஒழுங்காகத்தான் விழுந்தது. உன் விரலைத்தான் விசாரிக்க வேண்டும்,” என்றேன்.

2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு ஏறத்தாழ 0.64 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைவதற்கோ ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கும். அளக்க வேண்டிய நேரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. லாரியை நிறுக்கும் எடைமேடையில் அரைக் கிலோ அரிசியை வைத்தால் என்ன தெரியும்? கருவி பொருந்தாதபோது இன்னும் கவனமாக அளந்து பயனில்லை. கேள்வியையே வேறு விதமாகக் கேட்க வேண்டும்.

இதே சிக்கலை நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியில் கலிலியோவும் சந்தித்தார். நேராக விழும் பந்தை அளக்கும் அளவுக்கு நுட்பமான கடிகாரம் அவரிடம் இல்லை. ஆகவே, அவர் விழுதலின் வேகத்தையே குறைத்தார். சாய்த்து வைத்த நீண்ட மரச்சட்டத்தில் பள்ளம் செதுக்கி, அதில் வெண்கலக் குண்டை உருட்டினார். அது உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரைச் சேர்த்து நிறுத்து, நீரின் எடையைக் கொண்டு நேரத்தை ஒப்பிட்டார். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்காகிறது என்று கண்டார். 1638ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் இந்தப் பரிசோதனை விளக்கப்பட்டுள்ளது.

இந்த விதியைக் கடிகாரமே இல்லாமல் சோதிக்க முடியுமா? தம்பி எங்கள் தாமான் கோவிலில் உறுமி மேளம் வாசிப்பவன். தாளம் இம்மியளவு பிசகினாலும் அவன் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் காதையே கருவியாக்க நினைத்தேன்.

அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து எட்டு இரும்பு நட்டுகளை எடுத்தோம். இரண்டு நூல்களை வெட்டினோம். முதல் நூலின் அடிநுனியிலிருந்து 40, 80, 120, 160 சென்டிமீட்டரில் ஒவ்வொரு நட்டாகக் கட்டினோம். இரண்டாவது நூலில் 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் கட்டினோம். காலியான பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்து வைத்தோம். நூலின் அடிநுனி டின்னைத் தொடும்படி பிடித்துக்கொண்டு, சட்டென்று விட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நூலை விட்டபோது ஓசைகள் வரவர நெருங்கின. மேலே கட்டிய நட்டு நெடுந்தூரம் விழுவதால் அதிக வேகத்துடன் வருகிறது. ஒரே அளவான இடைவெளியை விரைவாகக் கடந்துவிடுகிறது. இரண்டாவது நூலை விட்டபோது, ‘டக், டக், டக், டக்’ என்று நான்கு ஓசைகளும் ஒரே சீராகக் கேட்டன. தம்பி கண்களை மூடிக்கொண்டு மறுபடியும் விடச் சொன்னான். பிறகு, தொடையில் தாளம் போட்டுக் காட்டினான்.

“சமமாகத்தான் இருக்கிறது, அக்கா. தூரம் கூடிக்கொண்டே போகிறது. தாளம் மட்டும் மாறவில்லை!”

10, 40, 90, 160 என்பன 1, 4, 9, 16 ஆகிய வர்க்க எண்களின் பத்து மடங்கு. ஒவ்வோர் ஓசைக்கும் இடையே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு விநாடி. கலிலியோ நீரை நிறுத்துக் கண்ட விதியை, அவன் காதால் கேட்டுவிட்டான். அன்று இரவு உணவு வரைக்கும் டின் சத்தம் ஓயவில்லை.

மறுநாள் பாட்டி ஒரு கேள்வியைப் போட்டார். “கனமான பொருள்தானே முதலில் விழும்? இதற்கு என்ன பரிசோதனை வேண்டிக்கிடக்கிறது?” என்றார். வீட்டில் தம்புன் பம்பளிமாஸ் ஒன்று இருந்தது; எலுமிச்சம்பழமும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று தம்பி உடனே கிளம்பினான். அவனை நிறுத்தி, “எந்தெந்த மாறிகளை மாற்றாமல் வைக்கப் போகிறாய்?” என்று கேட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் அவனுக்கு நினைவுக்கு வந்தன. சற்று யோசித்தான். பம்பளிமாஸ் பெரியது, எலுமிச்சை சிறியது. இரண்டின் மேற்பகுதியையும் ஒரே மட்டத்தில் பிடித்தால், பெரிய பழத்தின் அடிப்பகுதி தரைக்கு அருகில் இருக்கும். அதுதான் முதலில் தொடும். ஆகவே, அடிப்பகுதிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று அவனே சொன்னான். இரண்டு கைகளும் ஒரே கணத்தில் விடும் என்பதற்கும் உறுதியில்லை. எனவே, பழங்களை ஒரு பலகையின் மேல் வைத்து, பலகையைச் சட்டென்று கீழ்நோக்கி இழுத்துவிடத் திட்டமிட்டான். தரையில் மெத்தையைப் போட்டுக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொலி எடுத்தோம்.

இரண்டும் ஒன்றாகவே மெத்தையைத் தொட்டன. பாட்டி காணொலியை மூன்று முறை பார்த்தார். “அப்படியானால் காகிதம் மட்டும் ஏன் மெதுவாக விழுகிறது?” என்று கேட்டார். அதையும் உடனே சோதித்தோம். ஒரே அளவுள்ள இரண்டு தாள்களில் ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கினோம். எடை மாறவில்லை, உருவம் மட்டுமே மாறியது. உருண்டை விரைந்து விழுந்தது. விரித்த தாள் மிதந்து மிதந்து இறங்கியது. தாளைத் தாமதப்படுத்துவது காற்று. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலத்தில் விழுந்தன. அந்தப் படக்காட்சியையும் பாட்டிக்குக் காட்டினோம். பம்பளிமாஸை உரித்து எல்லாரும் சாப்பிட்டோம்.

இதுவரை பந்து நேராகக் கீழே விழுந்தது. பக்கவாட்டில் பாய்ந்து செல்லும் பந்து எப்படி விழும் என்பதே அடுத்த கேள்வி. ஓடுகிற பந்து தரையைத் தொடக் கூடுதல் நேரம் எடுக்குமா? இதற்கு இரண்டு 20 சென் காசுகள் போதும். அடிக்கோலை மேசை விளிம்பில் சற்றுச் சாய்வாக வைத்து, வெளியே நீட்டியிருக்கும் நுனியின் மேல் ஒரு காசை வைத்தோம். மற்றொரு காசை மேசை விளிம்பில், அடிக்கோலுக்கு முன்னால் வைத்தோம். அடிக்கோலை விரலால் சுண்டியதும், ஒரு காசு நேராகக் கீழே விழுந்தது. மற்றது தள்ளுண்டு தூரமாகப் பறந்தது. தரையில் கேட்டதோ ஒரே ஓசை! பக்கவாட்டு ஓட்டம், விழும் நேரத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எங்கள் மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். அதிலிருந்து எது விழுந்தாலும் ஏறத்தாழ 0.39 விநாடி ஆகும்.

இந்த எண்ணை வைத்துத் தம்பி ஒரு பெரிய பரிசோதனையைத் தானே வடிவமைத்தான். மணிலா அட்டையை மடித்து, 5 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையான அடியும் இரு ஓரங்களிலும் சிறு சுவர்களும் உள்ள ஓடுபாதை செய்தான். ஒரு முனையைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றினான். மறுமுனையை மேசையின் விளிம்பு வரை கிடைமட்டமாக ஒட்டினான். வளையும் இடத்தில் ஓரச்சுவர்கள் மடங்க மறுத்தன. அங்கே கத்தரிக்கோலால் சிறு வெட்டுகள் போட்டதும் பாதை அழகாக வளைந்தது. கோலிக்குண்டு எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கொரு விடை வரும். ஆகவே, தரையில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் மேல் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த கார்பன் தாளைப் பரப்பினான். குண்டு விழும்போது அதுவே தன் இடத்தில் புள்ளி வைத்துவிடும்.

குண்டை விடுவதற்கு முன்னால், கணக்குப் போட்டு விடையைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். குண்டு தொடங்கும் உயரம், மேசை மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டர். நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால், குண்டு விநாடிக்கு 0.99 மீட்டர் வேகத்தில் மேசையை விட்டு நீங்க வேண்டும். அதை 0.39 விநாடியால் பெருக்கினால் 39 சென்டிமீட்டர். உயரத்தை நான்கு மடங்காக்கி 20 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் வேகம் இரண்டு மடங்காகும். தூரமும் இரண்டு மடங்காகும்.

குண்டை விட்டான். விழுந்த தூரத்தை அளந்தான். மறுபடியும் விட்டான். சமையலறையிலிருந்து நான் திரும்பி வந்தபோது, குறிப்பேட்டில் ‘39’ என்று அழகாக எழுதியிருந்தது. அதன் அடியில் அழிப்பான் தேய்த்த தடம் தெரிந்தது. தாளின் மீதிருந்த புள்ளிகளோ 39-இன் பக்கத்தில்கூட இல்லை.

“தாளில் எவ்வளவு வந்தது?” என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்தபடி, “முப்பத்திரண்டு. நான் பாதையைச் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் சரியான விடையே வராதே, அக்கா,” என்றான்.

அவன் கலைப் பிரிவுக்கு மாறுவதில் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அங்கும் கற்க எவ்வளவோ உண்டு. ஆனால், தன் கண் கண்டதைத் தானே அழித்துவிட்டு, ‘எனக்கு வராது’ என்று அவன் முடிவு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. “39 என்பது நீ எதிர்பார்த்தது. 32 என்பது குண்டு சொன்னது. இரண்டையும் எழுது. இன்னும் பத்து முறை விட்டுப் பார்,” என்றேன்.

பத்து முறை விட்டான். புள்ளிகள் எல்லாம் 31.5-க்கும் 32.8-க்கும் இடையில் நெருங்கி விழுந்தன. உயரத்தை நான்கு மடங்காக்கியபோது 64-ஐ ஒட்டி விழுந்தன. இரண்டு மடங்கு என்ற விதி சரியாகவே இருந்தது. தூரம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் குறைந்தது. நேரக்கணிப்பானில் வந்த தவறு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டியது. இந்தக் குறைவு அப்படிப்பட்டதன்று. பத்து முறையும் ஒரே பக்கமாகக் குறைகிறது என்றால், நம் கணக்கில் சேராத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது.

காரணத்தை நான் சொல்லவில்லை. தம்பி அம்மாவின் நகப்பூச்சால் குண்டின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தான். அது மேசையை விட்டு நீங்குவதை மெதுவோட்டத்தில் படம் பிடித்தான். திரையில் அந்தச் சிவப்புப் பொட்டு மேலும் கீழுமாக வந்து வந்து மறைந்தது. குண்டு காற்றில் பறக்கும்போதும் சுழன்றுகொண்டே இருந்தது.

“அக்கா! இது முன்னால் போவதோடு சுற்றவும் செய்கிறது. சுற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும் அல்லவா?”

வேண்டும். நழுவாமல் உருளும் திடமான குண்டின் இயக்க ஆற்றலை ஏழு பங்காகப் பிரித்தால், ஐந்து பங்கு முன்னோக்கிச் செல்லவும் இரண்டு பங்கு சுழலவும் செலவாகின்றன. அதைக் கணக்கில் சேர்த்தால் 39 சென்டிமீட்டர் ஏறத்தாழ 33 ஆகிவிடும். அட்டையின் உராய்வு இன்னும் சிறிது குறைக்கும். எனவே, 32 என்பது மிக நல்ல விடை.

தம்பி அதோடு விடவில்லை. “உள்ளே ஒன்றுமில்லாத பந்தாக இருந்தால்?” என்று கேட்டான். மேசைப்பந்துக்குக் கனம் முழுவதும் ஓட்டிலேயே இருப்பதால், ஐந்தில் இரண்டு பங்கு ஆற்றல் சுழற்சிக்கே போய்விடும். அப்படியானால், அது கோலிக்குண்டைவிடக் குறைந்த தூரத்தில் விழ வேண்டும். இம்முறை அவன் எதிர்பார்த்த விடையை மையால் எழுதினான்: 30. பந்தை அதே 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து உருட்டினான். அது 29 சென்டிமீட்டருக்கு அருகில் விழுந்தது. அவன் போட்ட கூச்சலில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

கலிலியோவின் கையெழுத்துக் குறிப்புகள் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு தாளில், உருண்டு வந்து கிடைமட்டமாகப் பாய்ந்து விழும் பந்தின் தூரங்களை அவர் குறித்திருக்கிறார். ஓரிடத்தில், வர வேண்டியது 1131 என்று எழுதுகிறார். அளந்து பார்த்தது 1172 என்று எழுதுகிறார். வேறுபாடு 41 என்றும் அருகிலேயே எழுதுகிறார். மூன்று எண்களில் ஒன்றைக்கூட அவர் மறைக்கவில்லை. இந்தத் தாளைப் பற்றிச் சொன்ன பிறகு, தம்பி தன் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் பிரித்துக்கொண்டான்: எதிர்பார்த்தது, அளந்தது, வேறுபாடு.

பள்ளி மீண்டும் திறந்தபோது அந்தக் குறிப்பேட்டையும் பையில் வைத்துக்கொண்டு போனான். அறிவியல் பிரிவிலேயே தொடர்ந்தான். அவனுக்குச் சில தேர்வுகளில் நல்ல புள்ளிகள் கிடைத்தன, சிலவற்றில் கிடைக்கவில்லை. ‘எனக்கு வராது’ என்ற பேச்சு மட்டும் அவனிடமிருந்து பிறகு வரவில்லை.

மாணவர்களே, இந்தப் பரிசோதனைகளை நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் சன்னல் வழியாகவோ மாடத்திலிருந்தோ எந்தப் பொருளையும் கீழே போடக்கூடாது. உயரத்திலிருந்து விழும் சிறு கோலிக்குண்டும் உயிரைப் பறிக்கக்கூடும். வரவேற்பறையின் 2 மீட்டர் உயரமே நமக்குப் போதும். உருண்டோடும் குண்டுகள் முதியவர்களின் காலடியில் சிக்காதபடி, பரிசோதனை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

தம்பியின் குறிப்பேட்டில் கடைசியாக எழுதப்பட்ட கேள்வியை உங்களுக்கும் தருகிறேன். ஓடுபாதையின் நுனியைக் கிடைமட்டமாக வைக்காமல் சற்று மேல்நோக்கி உயர்த்தினால், குண்டு வில்போல் வளைந்து சென்று தரையில் விழும். சமதரையில் எறியும் பந்து 45 பாகையில் எறிந்தால் மிகத் தொலைவு செல்லும் என்று புத்தகங்கள் கூறுகின்றன. மேசை உயரத்திலிருந்து பாய்ந்து தரையில் விழும் குண்டுக்கும் அதே 45 பாகைதானா? முதலில் உங்கள் ஊகத்தை மையால் எழுதுங்கள். பிறகு, கார்பன் தாளை விரியுங்கள்.